கழன்ற பாகம் இப்போது யார் கையில்?

கேள்வி: ஓடிக்கொண்டிருந்த காரின் முன்சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட் விட்டுப்போய், வண்டி சாலைத் தடுப்பில் மோதியது. ஓட்டியவருக்குக் கால் எலும்பு முறிவு. "வண்டியைப் பள்ளத்தில் இறக்கியிருப்பீர்கள், மோதியதில்தான் உடைந்திருக்கும்" என்று சர்வீஸ் சென்டரில் கைவிரிக்கிறார்கள். தயாரித்த நிறுவனத்தைப் பொறுப்பேற்க வைக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

முடியும். ஆனால் சட்டப் புத்தகத்தை அப்புறம் திறக்கலாம். அந்த பால் ஜாயின்ட் இப்போது எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

இந்த மாதிரி விவகாரங்கள் நீதிமன்றம் வரைக்கும் போய்த் தோற்பது குறைவு. ஒர்க்‌ஷாப்பின் பழைய இரும்புக் குவியலிலேயே தோற்றுப்போவதுதான் அதிகம். மெக்கானிக் புதியதை மாட்டிவிட்டுப் பழையதைத் தூக்கிப் போட்டுவிடுவார். வாரண்டியில் மாற்றினால் பழைய பாகம் கம்பெனிக்கே போகும், அதாவது உங்கள் முக்கியச் சாட்சி எதிர்த்தரப்பின் வீட்டுக்கே போய்ச் சேரும். வண்டி முழுச் சேதம் என்று முடிவானால் இன்சூரன்ஸ் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டு ஏலம் விடும். ஏலத்தில் எடுத்தவர் அக்கக்காகக் கழற்றி விற்றுவிடுவார். எல்லாம் சில நாட்களிலேயே நடந்து முடிந்துவிடும்.

ஆகவே இன்றைக்கே சர்வீஸ் சென்டருக்கும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும், வண்டித் தயாரிப்பாளருக்கும் எழுத்தில் ஒரு அறிவிப்பு போக வேண்டும். நீளமாக வேண்டியதில்லை. சேஸிஸ் நம்பர், விபத்து நடந்த நாள், பாகத்தின் பெயர், இவற்றோடு ஒரே ஒரு கோரிக்கை: ஆய்வு முடியும்வரை இந்த வண்டியையோ அதன் எந்தப் பாகத்தையோ கழற்றவோ, பழுது பார்க்கவோ, விற்கவோ, அழிக்கவோ கூடாது. தயாரிப்பாளருக்குப் போகும் கடிதத்தில் மட்டும், அந்தப் பாகம் பற்றி வந்த மற்றப் புகார்களின் பதிவுகளையும் வண்டியிலிருந்து அவர்களுக்குப் போயிருக்கக்கூடிய மின்னணுத் தரவுகளையும் பாதுகாத்து வைக்கச் சொல்லிச் சேர்த்துக்கொள்ளுங்கள். மெயிலும் அனுப்புங்கள், ஒப்புகையோடு தபாலும் அனுப்புங்கள். இப்படி எழுதிக் கேட்ட பிறகும் சாட்சியத்தைத் தொலைத்தால், அது அவர்களுக்குப் பாதகமாக இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளப் பல நாடுகளின் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டு. இந்தக் கத்தி இரண்டு பக்கமும் வெட்டும். நீங்கள் தொலைத்தாலும் அதே கதைதான்.

முடிந்தால் வண்டியை முழுதாகவே ஓரிடத்தில் நிறுத்தி மூடி வையுங்கள். முடியாவிட்டால் அந்தப் பக்கத்து லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் கை), நக்கிள் (சக்கரம் மாட்டப்படும் பகுதி), சக்கரம், போல்ட்டு நட்டுகள் அத்தனையும் வேண்டும். பலரும் மறக்கிற ஒன்று, மறுபக்கத்து பால் ஜாயின்ட். அதே வயது, அதே ஓட்டம், பெரும்பாலும் அதே பேட்ச். விட்டுப்போனதற்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல துணை கிடைக்காது.

கழற்றுவதற்கு முன் இருந்த நிலையிலேயே, பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்து எல்லாக் கோணத்திலும் படம் எடுங்கள். உடைந்த இரண்டு முகங்களையும் சேர்த்துவைத்துப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அடக்கிக்கொள்ளுங்கள். முகம் முகத்தோடு உரசினால், மைக்ரோஸ்கோப்பில் படிக்க வேண்டிய எழுத்து அழிந்துவிடும். பெட்ரோலில் கழுவுவது, கம்பி பிரஷ் போடுவது, துருப்பிடிக்காமலிருக்க ஸ்ப்ரே அடிப்பது எதுவும் வேண்டாம். அதில் ஒட்டியிருக்கும் கிரீஸும் சேறும்கூடச் சாட்சியம்தான். உலர்ந்த நிலையில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் சேர்த்து ஒட்டிவிடுங்கள். யார் கழற்றியது, எங்கே, எப்போது, யார் பார்த்தது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அதன் பிறகு கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி, ஒரு கையெழுத்து. "நடுவில் மாற்றிவைத்துவிட்டார்கள்" என்ற வாதத்துக்கு இடமே இருக்காது.

இனி உண்மையான கேள்விக்கு வருவோம். உடைந்ததால் மோதியதா, மோதியதால் உடைந்ததா? சர்வீஸ் சென்டர் இரண்டாவதைச் சொல்கிறது. பாகத்தைப் பார்த்தாலே இதற்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

பால் ஜாயின்ட் என்பது ஒரு தண்டின் நுனியில் எஃகுக் குண்டு; அந்தக் குண்டு ஒரு கிண்ணத்துக்குள் உட்கார்ந்து திரும்பும்; உள்ளே தண்ணீரும் தூசியும் போகாமல் மேலே ஒரு ரப்பர் பூட். இது விட்டுப்போக முக்கியமாக மூன்று வழிகள். பூட் கிழிந்து, கிரீஸ் கரைந்து, குண்டு துருவேறித் தேய்ந்து, கடைசியில் கிண்ணத்திலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவது ஒன்று. இது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நடக்கும்; வேகத்தடையில் ஏறும்போது 'டொக் டொக்' சத்தம் வந்திருக்கும். தண்டின் கழுத்தே ஒடிவது இன்னொன்று. மூன்றாவது, கிண்ணத்தின் விளிம்பைத் தொழிற்சாலையில் மடக்கிப் பூட்டியது சரியில்லாமல், தேய்மானமே இல்லாத குண்டு அப்படியே கழன்று வருவது.

கழுத்து ஒடிந்திருந்தால் ஒடிந்த முகத்தை நல்ல வெளிச்சத்தில், சாய்வாகப் பாருங்கள். அலை வந்து திரும்பிய மணலில் இருக்குமே, அப்படி வளைவு வளைவாக வரிகள் தெரிகின்றனவா? அது களைப்பு முறிவு. சிறு விரிசலாகத் தொடங்கி, ஒவ்வொரு குலுக்கலிலும் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது என்று பொருள். வளைவுகளெல்லாம் எந்தப் புள்ளியைச் சுற்றி நிற்கின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்தது. அந்தப் புள்ளியில் எஃகைச் சூடாக்கி அடித்து உருவாக்கியபோது ஏற்பட்ட மடிப்போ, எஃகுக்குள் சிக்கிய கசடோ, கடைசல் போட்ட கூர்மையான தடமோ இருந்தால், பிழை தொழிற்சாலையில் இருக்கிறது. கடைசியில் ஒரே இழுப்பில் ஒடிந்த சொரசொரப்பான பகுதி எவ்வளவு சிறியதோ, அவ்வளவுக்குத் தண்டின்மேல் இருந்த சுமையும் குறைவு. பள்ளத்தில் இறக்கியது காரணமல்ல என்பதற்கு அது வலுவான சான்று. மாறாக, வரி ஏதும் இல்லாமல் முகம் முழுவதும் ஒரே மாதிரி சொரசொரவென்று இருந்து, தண்டும் வளைந்திருந்தால், மோதலின் விசையில் உடைந்ததாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது சர்வீஸ் சென்டர் சொல்வது சரி.

மீதிப் பாதிப் பதில் சாலையில் இருக்கிறது. பால் ஜாயின்ட் முதலில் விட்டிருந்தால், சக்கரம் வெளியே சாய்ந்து லோயர் ஆர்மோ பிரேக் டிஸ்க்கோ தாரைக் கீறியிருக்கும். அந்தக் கீறல் தடுப்புக்கு எத்தனை அடி முன்னாலேயே தொடங்குகிறது என்பதைப் படம் எடுத்து அளந்து வையுங்கள். மழையும் போக்குவரத்தும் சில நாட்களில் அதை அழித்துவிடும். சாலையைச் சரிசெய்துவிட்டால் போயே போச்சு.

மூன்றாவது சாட்சி வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட், பல வண்டிகளில் விபத்துக்கு முந்தைய சில விநாடிகளின் விவரத்தைப் பதிவு செய்திருக்கும். வழக்கமாக 5 விநாடி: வேகம், பிரேக் மிதித்தது, ஆக்ஸிலரேட்டர், சீட் பெல்ட்; சில வண்டிகளில் ஸ்டீயரிங் கோணமும் உண்டு. ஸ்டீயரிங் நேராக இருக்க வண்டி மட்டும் ஒரு பக்கம் இழுத்திருந்தால் அது பேசும். ஏர்பேக் விரிந்த நிகழ்வின் பதிவு பூட்டப்பட்டுவிடும். விரியாத நிகழ்வின் பதிவு, வண்டியை மறுபடி ஓட்டும்போது புதிய பதிவால் மூடப்படலாம். ஆகவே வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஸ்கேனர் மாட்டி "ஃபால்ட் கோடு எல்லாவற்றையும் கிளியர் பண்ணிட்டோம்" என்று பெருமையாகச் சொல்லும் மெக்கானிக்கிடமிருந்து வண்டியைத் தள்ளி வையுங்கள். இந்தப் பதிவை எடுக்கத் தனிக் கருவியும் பயிற்சி பெற்ற ஆளும் வேண்டும்.

அடுத்து, பாகத்தில் இருக்கும் எண்களைப் படியுங்கள். வார்ப்பிலோ லேபிளிலோ பாக எண், தயாரிப்பாளரின் குறி, பேட்ச் குறி இருக்கும். பிளாஸ்டிக் பாகங்களில் சின்னக் கடிகாரம் போல ஒரு வட்டம் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: சுற்றிலும் 1 முதல் 12 வரை மாதங்கள், நடுவில் ஆண்டு, ஒரு அம்புக்குறி. அது வார்த்த மாதத்தைக் காட்டுகிறது. டயர் என்றால் பக்கச் சுவரில் நான்கு இலக்கம்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். இந்த எண்களில் இரண்டு காரியம் ஆகும். பாகம் வண்டியோடு வந்த அசலா, பின்னால் யாரோ மாட்டிய போலியா என்பது தெரியும்; அதே பேட்ச்சில் வேறு எங்கெல்லாம் பிரச்சினை என்று தேடவும் வழி கிடைக்கும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதன் பலத்துக்கு ஜெனரல் மோட்டார்ஸின் இக்னிஷன் ஸ்விட்ச் விவகாரம்தான் என் கணக்கில் முதல் பாடம். சாவியை 'ரன்' நிலையில் பிடித்து வைக்கும் உள்முனையும் ஸ்பிரிங்கும் பலம் போதாமல், ஒரு குலுக்கலிலேயே சாவி பின்னுக்குத் திரும்பிவிடும். என்ஜின் நிற்கும், பவர் ஸ்டீயரிங் போகும், ஏர்பேக்கும் செயலிழக்கும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு மரணம் தொடர்பான வழக்கில், பாதிக்கப்பட்ட தரப்பு வைத்த பொறியாளர் விபத்துக்குள்ளான 2005 மாடல் காரின் ஸ்விட்சைப் பிரித்தார். கடையில் புதிதாக ஒன்று வாங்கி அதையும் பிரித்தார். பாக எண் ஒன்றுதான். உள்ளே முனையின் நீளமும் ஸ்பிரிங்கும் வேறு. 2006-இல் வடிவத்தைச் சத்தமில்லாமல் திருத்திவிட்டு, எண்ணை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகு 2014-இல் 26 லட்சம் கார்கள் வரை திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனத்தின் இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஒப்புக்கொண்டது. குற்ற விசாரணையை முடிக்க 2015-இல் 90 கோடி டாலர் கட்டினார்கள். எல்லாம் தொடங்கியது கடையில் வாங்கிய ஒரு ஸ்விட்சில். உங்கள் விஷயத்திலும் இப்போது விற்கும் பால் ஜாயின்ட் ஒன்றை ரசீதோடு வாங்கி, பிரிக்காமல் வையுங்கள்.

பாகத்தைச் சோதனைக்கூடத்துக்குக் கொடுக்கும்போது வரிசை முக்கியம். முதலில் எதையும் சேதப்படுத்தாத சோதனைகள்: படம், அளவு, எக்ஸ்ரே, ஒடிந்த முகத்தை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. அதற்கப்புறம்தான் அறுத்துப் பார்ப்பது: கடினத்தன்மை, உலோகக் கலவை, மெருகேற்றி அமிலம் தடவி உள்ளமைப்பைப் பார்ப்பது. அறுப்பதற்கு முன் எதிர்த்தரப்புக்கு நாளும் இடமும் சொல்லி அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். வந்து பார்க்கட்டும், வராவிட்டால் அது அவர்கள் பாடு. அறிவிப்பில்லாமல் அறுத்தால், அறிக்கை எவ்வளவு நன்றாக இருந்தாலும் தள்ளுபடியாகும் ஆபத்து உண்டு. அறிக்கையில் 'தரம் குறைவு' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பிரயோஜனமில்லை. எந்த இடத்தில், எந்தக் குறையால், எந்த விதமாக முறிந்தது, வேறு காரணங்கள் ஏன் இல்லை என்று நான்கும் வேண்டும்.

போல்ட்டு ஒடிந்த வழக்குகளுக்கு ஒரு எச்சரிக்கை. தலையில் 12.9 என்று அடித்திருக்கும் உயர்பலப் போல்ட்டுகளில், துத்தநாகப் பூச்சு போடும்போது எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்துவிட்டால், இறுக்கிய பிறகு சில மணியிலோ நாட்களிலோ தானாக ஒடியும். பூச்சு போட்டதும் போதிய நேரம் சூட்டில் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றாதது தயாரிப்புப் பிழை. ஆனால் சக்கரப் போல்ட்டு ஒடிந்தால் அவசரப்பட்டுத் தயாரிப்பாளர்மேல் பாயாதீர்கள். சரியாக முறுக்காமல் விட்ட போல்ட்டும் களைப்பு முறிவில்தான் ஒடியும். வரிகளும் அப்படியே இருக்கும். கடைசியாகச் சக்கரம் கழற்றியது யார் என்று முதலில் கேளுங்கள்.

இப்போது சட்டம். வண்டித் தயாரிப்பாளர் "இந்தப் பாகத்தை நாங்கள் செய்யவில்லை, சப்ளையர் செய்தது" என்று நழுவப் பார்ப்பார். இந்த நழுவலுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. பியூக் காரின் மரச்சக்கரம் ஆரக்கால் நொறுங்கிக் கவிழ்ந்த வழக்கில், சக்கரம் வேறு கம்பெனி செய்தது, வாங்கியவருக்கு விற்றதோ டீலர், எங்களுக்கு அவரோடு ஒப்பந்தமே இல்லை என்றுதான் நிறுவனம் வாதாடியது. 1916-இல் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி பெஞ்சமின் கார்டோசோ அதை ஏற்கவில்லை. சோதித்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும், முழுமையான காரை விற்றவருக்கு அந்தக் கடமை உண்டு என்றார். இன்று பெரும்பாலான நாடுகளில் வண்டித் தயாரிப்பாளர், பாகத் தயாரிப்பாளர், இறக்குமதியாளர் மூவரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகப் போடலாம். அவர்களுக்குள் யார் எவ்வளவு என்பதை அவர்களே தீர்த்துக்கொள்ளட்டும்.

குறை மூன்று வகைப்படும். எது உங்களுடையது என்று தெரியாமல் வழக்குப் போட்டால் வக்கீலும் சேர்ந்து தடுமாறுவார். வரைபடம் சரி, இந்த ஒன்று மட்டும் தப்பாக வந்தது என்றால் தயாரிப்புக் குறை. இங்கே அதே பாகத்தின் நல்ல மாதிரி ஒன்றே போதும். வரைபடமே தப்பு என்றால் வடிவமைப்புக் குறை. அதற்கு, இதைவிடப் பாதுகாப்பாக, நடைமுறையில் செய்யக்கூடிய வேறு வடிவம் இருந்தது என்று காட்ட வேண்டியிருக்கும். ஜப்பானிய நிறுவனமான டகாடா செய்த ஏர்பேக் இந்த வகை. ஊதுவதற்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் போட்டார்கள். ஈரம் உறிஞ்சும் பொருள் இல்லாமலேயே ஏராளமானவை விற்பனைக்குப் போயின. ஆண்டுக்கணக்கில் ஈரத்திலும் வெப்ப ஏற்ற இறக்கத்திலும் அது சிதைந்து, விபத்தின்போது மிகையான வேகத்தில் எரிந்து, உலோக உறையையே வெடித்துச் சில்லுகளாக முகத்தில் வீசியது. தொழிற்சாலையை விட்டு வெளிவந்த அன்று சோதித்தால் எல்லாம் நன்றாகத்தான் இருந்திருக்கும். 2017-இல் நிறுவனம் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் தண்டனையை ஏற்றது, அதே ஆண்டு திவாலானது. மூன்றாவது வகை எச்சரிக்கைக் குறை: எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்று கையேட்டில் சொல்லாமல் விட்டது போன்றவை.

ஓட்டியவர்மேலும் தவறு இருந்தால் வழக்கு போய்விடுமா? போகாது. 1968-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, ஜெனரல் மோட்டார்ஸின் கோர்வேர் காரின் ஸ்டீயரிங் தண்டு மோதலில் பின்னுக்கு வந்து ஓட்டியவர் தலையில் அடித்த வழக்கில், மோதலுக்குத் தயாரிப்பாளர் காரணமில்லாவிட்டாலும் காயத்தை அதிகமாக்கிய வடிவமைப்புக்கு அவர் பொறுப்பாகலாம் என்றது. ஏர்பேக், சீட் பெல்ட், இருக்கை, எரிபொருள் டேங்க் வழக்குகள் இந்த அடிப்படையில் நடக்கின்றன. ஏர்பேக் விரியாத ஒரு வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றமும் 2022-இல், மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுப் பார்க்க நுகர்வோர் இயற்பியல் நிபுணராக இருக்கத் தேவையில்லை என்று சொல்லி, நிறுவனத்துக்கு எதிரான தீர்ப்பை உறுதி செய்தது.

குறையுள்ள வண்டிகளைத் தயாரிப்பாளர் திரும்ப அழைக்கும் அறிவிப்பு (ரீகால்) பற்றிப் பலருக்குக் குழப்பம். 17 இலக்கச் சேஸிஸ் நம்பரைப் போட்டு உங்கள் வண்டிக்கு அழைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் கை ஓங்கும். ஆனால் தகவல் வந்தும் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் அதையே உங்கள்மேல் திருப்புவார்கள். அழைப்பு இல்லை என்பதாலேயே குறை இல்லை என்று ஆகாது. அரசின் வாகனப் பாதுகாப்பு அமைப்பிடம் கட்டாயம் புகார் கொடுங்கள். பாக எண், ஓடிய கிலோமீட்டர், என்ன நடந்தது என்ற மூன்றும் தெளிவாக இருந்தால், அதே பாகத்துக்கு வந்த மற்றப் புகார்களோடு அது சேர்ந்துகொள்ளும். விசாரணைகள் அப்படித்தான் பிறக்கின்றன.

கம்பெனியின் மற்றப் பதில்கள் நமக்கு முன்பே தெரிந்தவைதான். பராமரிப்பு சரியில்லை என்பார்கள். சர்வீஸ் பில்களை வரிசையாக அடுக்குங்கள். வண்டியில் மாற்றம் செய்தீர்கள் என்பார்கள். செய்திருந்தால் மறைக்காதீர்கள், அந்த மாற்றத்துக்கும் பால் ஜாயின்டுக்கும் தொடர்பில்லை என்று நிபுணரைச் சொல்ல வையுங்கள். பெரிய சக்கரம் மாட்டியிருந்தால் தொடர்பு உண்டு, அதையும் அறிந்துகொள்ளுங்கள். அரசுத் தரத்துக்கு உட்பட்டே செய்தோம் என்பார்கள். பல இடங்களில் அது குறைந்தபட்சத் தகுதிதான், முழு விடுதலை அல்ல.

காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். இந்திய நுகர்வோர் சட்டத்தில் 2 ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1985 விதிப்படி தெரிந்ததிலிருந்து 3 ஆண்டு, பொருள் சந்தைக்கு வந்ததிலிருந்து 10 ஆண்டு என்று இரண்டு கடிகாரம் ஓடும். காயம் இல்லாமல் வண்டி மட்டும் சேதம் என்றால் பல நாடுகளில் அது வாரண்டி விவகாரமாகப் போகும், குறையுள்ள பொருளுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் வழக்காக அல்ல. நடுவில் "நல்லெண்ண அடிப்படையில்" இலவசமாகப் பழுது பார்த்துத் தருகிறோம் என்று ஒரு தாள் நீட்டுவார்கள். அதில் 'எல்லாக் கோரிக்கைகளும் முடிவுக்கு வந்தன', 'பழைய பாகம் நிறுவனத்துக்கே சொந்தம்' என்ற இரண்டு வரிகள் எங்கேயாவது ஒளிந்திருக்கும். அந்த வரிகளை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட அவர்கள் சம்மதித்தால் மட்டும் போடுங்கள்.

சோதனை அறிக்கை உங்களுக்கு எதிராகவும் வரலாம். பூட் கிழிந்து, குண்டு துருவேறித் தேய்ந்து, பல மாதம் ஆட்டம் கண்டிருக்கிறது என்று வந்தால், தயாரிப்பாளரை விட்டுவிட்டுக் கடைசி சர்வீஸ் பில்லை எடுங்கள். அதில் 'சஸ்பென்ஷன் சரிபார்க்கப்பட்டது' என்று டிக் போட்டிருந்தால், பதில் சொல்ல வேண்டியது டிக் போட்டவர்.